கஞ்சி இளகும் பத்து நிமிடம்: நொதிகளை அடுப்படியில் படிக்க ஒரு வழிகாட்டி

உயிருள்ளவற்றில் வேதிவினைகளை வேகப்படுத்தும் நொதிகள் (என்சைம்கள்) பாடம் வந்ததும் பிள்ளைகள் ஒரு வரைபடத்தை மனப்பாடம் செய்துகொள்வார்கள். சூடு கூடக் கூட நொதியின் வேகம் பைய ஏறி, உச்சியைத் தொட்டு, சடாரென்று இறங்குவதைக் காட்டும் கோடு. ஏன் ஏறுகிறது, ஏன் இறங்குகிறது என்று கேட்டால் "வெப்பநிலை, சார்" என்பதோடு பதில் நின்றுபோகும். பாளையங்கோட்டைப் பக்கம் சனி, ஞாயிறுகளில் உயிரியல் சொல்லிக்கொடுக்கிற நான், அந்தக் கோட்டைப் பல வருடம் பலகையில் வரைந்து பார்த்தேன். ஒருவருக்கும் அது உள்ளே இறங்கவில்லை. பிள்ளைகளை அடுப்படிக்குக் கூட்டிக்கொண்டு போன பிறகுதான் கேள்விகள் வரத் தொடங்கின.

ஆய்வுக்கூடம் இல்லாத பள்ளியில் படிக்கிறவர்களுக்கும், பள்ளியை விட்டு வந்து நாளாகியும் "வாழைப்பூவை ஏன் மோரில் போடுகிறோம்" என்று யோசிக்கிறவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். வேண்டியவை: கேழ்வரகு, அரிசி மாவு, ஒரே அளவான ஏழெட்டு எவர்சில்வர் டம்ளர்கள், வெள்ளைப் பீங்கான் தட்டு, மருந்துக் கடையில் கிடைக்கும் போவிடோன் அயோடின் கரைசல், 100 டிகிரி வரை காட்டும் வெப்பமானி, மணி பார்க்க ஒரு போன், ஒரு குறிப்பேடு. காய்ச்சலுக்கு வைக்கும் வெப்பமானி இதற்கு உதவாது.

தொடங்கும் முன் ஒரு விதி. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். எந்தச் சோதனையிலும் ஒரு டம்ளரில் மட்டும் கொதிக்க வைத்த நொதியைப் போடுங்கள். அந்தக் கொதித்த டம்ளர் இல்லாமல் நீங்கள் கண்டது எதையும் என்னிடம் கொண்டுவராதீர்கள் என்று என் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். காரணம் போகப் போகத் தெரியும்.

முதல் வேலை: கஞ்சியை இளக்குதல்

கேழ்வரகை இரவு முழுக்க ஊறவைத்து, நீரை வடித்து, ஈரத்துணியில் கட்டித் தொங்கவிடுங்கள். நம் ஊர் வெக்கைக்கு ஒன்றரை நாளில் வெள்ளை வெள்ளையாக முளை வந்துவிடும். துணி காயாமல் அவ்வப்போது தண்ணீர் தெளித்துக்கொள்ளுங்கள். முளை அரை விரற்கடை வந்ததும் வெயிலில் நன்றாகக் காயவைத்து மாவாக்குங்கள். சத்துமாவுக்குச் செய்வதுபோல வாசம் வர வறுத்துவிடக் கூடாது. ஈரம் வற்றிய நொதி மாடி வெயிலைத் தாங்கும். சட்டி வறுவலைத் தாங்காது. கூடவே முளைகட்டாத கேழ்வரகிலும் ஒரு பிடி எடுத்து மாவாக்கித் தனியே வையுங்கள்.

இரண்டு டம்ளர் தண்ணீருக்குக் கால் டம்ளர் அரிசி மாவு என்ற கணக்கில் கட்டியில்லாமல் கரைத்து, கரண்டியில் ஒட்டிக்கொண்டு நிற்கும் பதத்துக்குக் காய்ச்சுங்கள். அதை மூன்று டம்ளர்களில் சமமாக ஊற்றி, 55 முதல் 60 டிகிரிக்கு இறங்கும்வரை பொறுங்கள். பிறகு முதல் டம்ளரில் முளைகட்டாத மாவு ஒரு தேக்கரண்டி. இரண்டாவதில் முளைகட்டிய மாவு ஒரு தேக்கரண்டி. மூன்றாவதிலும் அதே முளைமாவுதான், ஆனால் அதைக் கொஞ்சம் தண்ணீரில் ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து ஆற்றிப் போட வேண்டும். மூன்றிலும் மாவைக் கரைக்க ஒரே அளவு தண்ணீர் சேர்த்து, ஒரே மாதிரிக் கலக்குங்கள்.

பத்து நிமிடத்தில் இரண்டாவது டம்ளர் மட்டும் மோர்போல ஓடும். மற்ற இரண்டும் இருந்தபடி இருக்கும். கரண்டியால் தூக்கி ஊற்றிப் பார்த்தால் வெப்பமானியோ அயோடினோ இல்லாமலே வேறுபாடு தெரிந்துவிடும். முதல்முறை இதைப் பார்த்த ஒரு பையனின் ஆச்சி, "தண்ணி ஊத்தாமலே தண்ணியாப் போச்சே" என்றார். பாடப்புத்தகத்தில் அரைப் பக்கம் எழுதியிருப்பதை அவர் அரை வரியில் சொல்லிவிட்டார்.

இதற்கு வீட்டில் உடனடிப் பயனும் உண்டு. கைக்குழந்தைக்கு முதன்முதலாகக் கஞ்சி ஊட்டும்போது கெட்டியாக இருந்தால் விழுங்காது; தண்ணீர் சேர்த்தால் வயிறு நிறையும், சத்து சேராது. முளைமாவு ஒரு சிட்டிகை போட்டு இளக்கினால் அதே தானியம் குழந்தை விழுங்கும் பதத்துக்கு வரும். இளகிய பிறகு ஒருமுறை கொதிக்கவிட்டு, ஆற்றிக் கொடுங்கள். நொதி தன் வேலையை முடித்துவிட்டதால் இந்தக் கொதி அதைக் கெடுத்தாலும் நமக்கு நட்டமில்லை. பச்சை மாவோடு வந்த கிருமிகளும் போய்விடும்.

உள்ளே நடந்தது

மாவுச்சத்து என்பது குளுக்கோஸ் கண்ணிகள் ஆயிரக்கணக்கில் கோத்த சங்கிலி. நீண்ட சங்கிலிகள் தண்ணீரில் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்வதால்தான் கஞ்சி கெட்டிப்படுகிறது. முளைக்கும் விதைக்கு அந்தச் சேமிப்பு சர்க்கரையாகத் தேவை. அதனால் முளைவிடும்போதே சங்கிலியை வெட்டும் அமைலேஸ் என்ற நொதியை அது தானே உண்டாக்கிக்கொள்கிறது. விதை தனக்குச் செய்துகொண்டதைத்தான் நாம் கஞ்சிக்குக் கடன் வாங்கினோம்.

நொதியின் கதை எழுத்தில் தொடங்கியதும் இதே இடத்தில்தான். 1833இல் பயன், பெர்சோ என்ற இரு பிரெஞ்சு வேதியியலாளர்கள் முளைகட்டிய வாற்கோதுமைச் சாற்றிலிருந்து மாவுச்சத்தை உடைக்கும் பொருளைப் பிரித்து, டயஸ்டேஸ் என்று பெயரிட்டார்கள். என்சைம் என்ற பொதுப்பெயரை ஜெர்மானியரான கூனே வைத்தது அதற்கு 40 வருடங்களுக்கும் பிறகு. உயிருள்ள செல் இருந்தால்தான் இந்த வேலை நடக்கும் என்று அதற்குப் பிறகும் பலர் நம்பினார்கள். 1897இல் பூக்னர் ஈஸ்ட்டை அரைத்துப் பிழிந்த, செல்லே இல்லாத சாறும் சர்க்கரையை நொதிக்கவைக்கும் என்று காட்டினார். 1907இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நொதி ஒரு புரதம் என்பதை வலுவாக நிறுவியவர் அமெரிக்கரான சம்னர். நம் வாளவரைக்கு நெருங்கிய சொந்தமான ஒரு பயற்றிலிருந்து 1926இல் யூரியேஸ் நொதியைப் படிகமாகவே எடுத்துக் காட்டினார். புரதம் என்ற இந்தச் செய்தியை மறக்காதீர்கள். சூடு, புளிப்பு, சுண்ணாம்பு என்று இனி வரப்போகிற எல்லாவற்றுக்கும் காரணம் அதில் இருக்கிறது.

நொதி வினையை எப்படி வேகப்படுத்துகிறது? நெல்லையிலிருந்து கொல்லம் போக வேண்டும் என்று வையுங்கள். நடுவில் மேற்குத் தொடர்ச்சி மலை. 1,868 மீட்டர் உயரமுள்ள பொதிகையில் ஏறி இறங்கித்தான் போக வேண்டுமென்றால் நாளுக்கு ஒருவர் போவதே அரிது. ஆரியங்காவுக் கணவாய் இருப்பதால் ரயிலே போகிறது. நொதி திறந்துவிடுவது அப்படியொரு கணவாயைத்தான். புறப்பட்ட ஊரும் போய்ச் சேரும் ஊரும் மாறுவதில்லை. இரண்டு ஊர்களின் உயரமும் மாறுவதில்லை. நடுவில் ஏற வேண்டிய ஏற்றம் மட்டும் குறைகிறது. அந்த ஏற்றத்துக்குப் புத்தகப் பெயர் கிளர்வு ஆற்றல். வழிகாட்டியாக நின்ற நொதி செலவாவதும் இல்லை. ஒரு மூலக்கூறை வெட்டிவிட்டு அடுத்ததற்குத் தயாராக நிற்கும். நம் ரத்தத்தில் கரியமில வாயுவைக் கையாளும் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் ஒரு நொடியில் ஏறத்தாழ பத்து லட்சம் மூலக்கூறுகளை மாற்ற வல்லது.

வெட்டுகிற இடம் நொதியின் உடம்பில் ஒரு சிறு குழிவு. கிளர்வு மையம் என்பார்கள். நொதி எதன்மேல் வேலை செய்கிறதோ அது தளப்பொருள். பூட்டும் சாவியும்போல இவை பொருந்துகின்றன என்று 1894இல் எமில் ஃபிஷர் சொன்னார். 1958இல் கோஷ்லாண்ட் அதைத் திருத்தினார்: தளப்பொருள் வந்து உட்காரும்போது குழிவும் சற்று வளைந்துகொடுத்து அதை இறுகப் பிடிக்கிறது. எனக்கு இரண்டாவதுதான் மனசுக்குப் பிடித்தது. புரதம் இறுகிப்போன இரும்பல்ல, அசைந்துகொடுக்கும் பொருள் என்பதை அது நினைவூட்டுகிறது.

இரண்டாவது வேலை: உமிழ்நீரும் அயோடினும்

சோறு வடித்த கஞ்சித்தண்ணீரை வடிகட்டி, ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் சேருங்கள். வாயை நன்றாகக் கொப்பளித்துவிட்டு ஒரு தேக்கரண்டி உமிழ்நீர் எடுத்து, பத்துத் தேக்கரண்டி தண்ணீரில் கலக்குங்கள். அவரவர் உமிழ்நீரை அவரவர் பயன்படுத்துவது நல்லது. முடிந்ததும் பாத்திரத்தைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அயோடின் கரைசலைத் தேநீர் நிறம் வரும்வரை தண்ணீர்விட்டு இளக்கி, பீங்கான் தட்டில் வரிசையாகச் சொட்டுச் சொட்டாக வையுங்கள்.

கஞ்சித்தண்ணீரில் உமிழ்நீரைக் கலந்ததும் மணி பாருங்கள். நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு சொட்டு எடுத்துத் தட்டில் உள்ள அடுத்த அயோடின் சொட்டில் விடுங்கள். முதலில் கருநீலம், மாவுச்சத்தும் அயோடினும் சேர்ந்தால் வரும் நிறம். பிறகு ஊதா, பிறகு செம்பழுப்பு. கடைசியில் அயோடினின் மஞ்சள் நிறமே தங்கும். செம்பழுப்பு பாதி வெட்டுப்பட்ட சங்கிலியின் நிறம். நீலம் போன நிமிடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நொதியின் வேகத்தை அளக்க இனி இதுவே உங்கள் அளவுகோல். குறைந்த நிமிடம் என்றால் கூடிய வேகம்.

இந்தச் சோதனையில் மூன்று பள்ளங்கள் உண்டு. மூன்றிலும் நானோ என் பிள்ளைகளோ விழுந்திருக்கிறோம்.

முதலாவது, சூடு. ஒருமுறை பிள்ளைகள் தட்டைத் தேடச் சோம்பல்பட்டு நேராக டம்ளரிலேயே அயோடினை ஊற்றினார்கள். "சார், கொதிக்கிற டம்ளர்லதான் முதல்ல நீலம் போயிருக்கு, வேகம் கூடுதுல்லா!" என்று ஒருவன் துள்ளிக்கொண்டு வந்தான். அந்த டம்ளர் ஆறியதும் நீலம் திரும்பி வந்தது. சூட்டில் அயோடினும் மாவுச்சத்தும் பிணைந்து நிற்பதில்லை. நிறம் போனதற்கும் நொதிக்கும் சம்பந்தமே இல்லை. பக்கத்தில் கொதித்த நொதி போட்ட டம்ளர் ஒன்று இருந்து, அதிலும் சூட்டில் நீலம் போயிருந்தால் அவனுக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்கும். சொட்டை எடுத்து, ஆறவிட்டுச் சோதியுங்கள்.

இரண்டாவது, எலுமிச்சை. புளிப்பின் விளைவைப் பார்க்க எலுமிச்சைச் சாறு விட்டால், அதிலுள்ள வைட்டமின் சி அயோடினின் நிறத்தையே அழித்துவிடும். வெள்ளை வினிகர் பயன்படுத்துங்கள். மூன்றாவது, சுண்ணாம்பு. சுண்ணாம்புத் தண்ணீரிலும் அயோடின் நிறமிழக்கும். காரத்தைச் சோதிக்க ஆப்பச்சோடாவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. உமிழ்நீர் அமைலேஸ் முழுத்திறனோடு ஓட உப்பிலிருக்கும் குளோரைடும், தன் வடிவத்தைக் காத்துக்கொள்ளக் கால்சியமும் தேவை. கடற்கரைப் பக்கத்து உவர்க் கிணற்றுத் தண்ணீரும் தாமிரபரணித் தண்ணீரும் இந்த விஷயத்தில் ஒன்றல்ல. எந்தத் தண்ணீர் என்பதைவிட, எல்லா டம்ளருக்கும் ஒரே குடத்துத் தண்ணீரா என்பதுதான் முக்கியம்.

சூடு

இனி அந்த வரைபடத்துக்கு வருவோம். நான்கு டம்ளர் கஞ்சித்தண்ணீர், நான்கு சின்னக் கிண்ணங்களில் உமிழ்நீர்க் கரைசல். ஒரு சோடியைப் பனிக்கட்டித் தண்ணீரில் வையுங்கள். ஒன்றை அறையில் விடுங்கள். ஒன்றை 37 டிகிரி வெந்நீரில். ஒன்றை 80 டிகிரிக்கு மேலே. பத்து நிமிடம் அந்தந்தச் சூட்டில் தனித்தனியாக இருந்த பிறகே இரண்டையும் கலக்க வேண்டும். கலந்த பிறகும் அதே சூட்டில் வைத்து, நிமிடத்துக்கு ஒரு சொட்டு.

பாடப்புத்தகம் "அறை வெப்பநிலை" என்று எழுதும்போது அதன் மனதில் 25 டிகிரி இருக்கிறது. மே மாதப் பிற்பகலில் பாளையங்கோட்டையில் வெப்பமானி 38 டிகிரியைத் தாண்டுவது புதிதல்ல. ஒருமுறை அக்கினி நட்சத்திர நாளில் இதைச் செய்தோம். அறை டம்ளரும் 37 டிகிரி டம்ளரும் ஒரே நிமிடத்தில் நீலமிழந்தன. பிள்ளைகள் சோதனை தோற்றுவிட்டது என்று முகம் வாடினார்கள். தோற்கவில்லை. அந்த அறையே உமிழ்நீருக்கு உகந்த சூட்டில் இருந்தது. புத்தகத்தில் இருக்கும் விடை வரவில்லை என்று எண்ணைத் திருத்தி எழுதுகிற பழக்கம் பல செய்முறைத் தேர்வுகளில் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. வெப்பமானியைப் பாருங்கள், அது காட்டியதை எழுதுங்கள். அறைச் சூட்டுக்கும் 37க்கும் இடையில் வித்தியாசம் பார்க்க வேண்டுமானால் மார்கழி விடியற்காலையில் செய்யுங்கள்.

கோடு ஏறுவதற்கும் இறங்குவதற்கும் காரணங்கள் வேறு வேறு. ஏறும்போது மூலக்கூறுகள் வேகமாக ஓடி நொதியோடு அடிக்கடி, கூடுதல் வலுவோடு மோதுகின்றன. பத்து டிகிரி கூடினால் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும். இறங்கும்போது புரதத்தின் மடிப்புகள் அவிழ்கின்றன. கிளர்வு மையம் என்ற குழிவே கலைந்துபோகிறது. முட்டையின் வெள்ளை வெந்து இறுகுவதும் புரதத்துக்கு நேரும் இதே கதிதான். வெந்த முட்டையை ஆறவைத்தால் பச்சை முட்டையாவதில்லை. இதற்கு இயல்பு திரிதல் என்று பெயர். குளிர் அப்படிச் செய்வதில்லை. மடிப்பு அப்படியே இருக்க, வேகம் மட்டும் குறைகிறது.

உகந்த சூடு எல்லா நொதிக்கும் 37 அல்ல. அது நம் உடம்புக்கான எண். முளைத்த தானியத்தின் அமைலேஸ் 60 டிகிரியை ஒட்டியும் சுறுசுறுப்பாக ஓடுவதால்தான் கஞ்சியைச் சூடாகவே வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

கண்ணுக்குப் பளிச்சென்று தெரிய வேண்டுமானால் உருளைக்கிழங்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஹைட்ரஜன் பெராக்சைடை மருந்துக் கடையில் வாங்கும்போது புட்டியில் 20 வால்யூம் என்றிருந்தால் சம அளவு தண்ணீர் சேர்த்து இளக்குங்கள். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சின்னப் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள். துருவிய பச்சைக் கிழங்கு ஒரு கரண்டியை அதில் போட்டால் கேட்டலேஸ் நொதி பெராக்சைடைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்க, நுரை பொங்கி டம்ளரின் விளிம்புக்கு வரும். ஒரு சொட்டுச் சோப்புநீர் சேர்த்தால் நுரை கலையாமல் நிற்கும், அளவுகோல் வைத்து அளக்கலாம். வேகவைத்த கிழங்கில் சில குமிழிகூட எழும்பாது. துருவாமல் துண்டாகப் போட்டால் நுரை குறைவு, ஏனென்றால் வெட்டுப்பட்ட செல்களிலிருந்து மட்டுமே நொதி வெளியே வருகிறது. முருங்கை இலையைக் கசக்கிப் போட்டும் இதைச் செய்யலாம்.

புளிப்பும் சுண்ணாம்பும்

களக்காட்டுப் பக்கம் வாழை அதிகம். வாழைப்பூ ஆயும் வீடுகளில் பக்கத்திலேயே ஒரு சட்டி மோர் இருக்கும். பூவை நறுக்கியதும் செல்கள் உடைந்து, பாலிபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி காற்றிலுள்ள ஆக்சிஜனைக் கொண்டு பூவின் துவர்ப்புப் பொருள்களைக் கருக்கவைக்கிறது. மோரில் போட்டால் இரண்டு தடை ஒரே நேரத்தில் விழுகிறது: காற்று எட்டுவது குறைகிறது, புளிப்பு நொதியை முடக்குகிறது. எது எவ்வளவு என்று அறிய வேண்டுமா? நான்கு கிண்ணம் எடுங்கள். ஒன்றில் பூ மட்டும். ஒன்றில் பச்சைத் தண்ணீர். ஒன்றில் மோர். ஒன்றில் கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டு எடுத்த பூ, காற்றில். பச்சைத் தண்ணீருக்கும் மோருக்கும் உள்ள வித்தியாசம் புளிப்பின் கணக்கு. மோரில் கிடந்ததை நன்றாகக் கழுவிக் காற்றில் வைத்தால் பைய மறுபடி கருக்கத் தொடங்கும். கொதிநீர் கண்டது அப்படியே இருக்கும். எவர்சில்வர் கத்தியால் நறுக்குங்கள். இரும்பு அரிவாள்மணையில் அரிந்தால் இரும்பும் துவர்ப்பும் சேர்ந்து நொதியே இல்லாமல் ஒரு கறுப்பு வரும். அது உங்கள் கணக்கைக் குழப்பிவிடும்.

புளிப்பு என்ன செய்கிறது? புரதத்தின் மேல் அங்கங்கே நேர்மின், எதிர்மின் ஏற்றங்கள் இருக்கின்றன. மடிப்புகளை இழுத்துப் பிடிப்பதிலும், தளப்பொருளைக் குழிவில் நிறுத்துவதிலும் அவற்றுக்குப் பங்கு உண்டு. பி.எச், அதாவது புளிப்பையும் காரத்தையும் அளக்கும் எண், மாறினால் ஏற்றங்கள் மாறும், பிடி தளரும். சிறிது மாறினால் திரும்ப வரலாம். பெரிதும் மாறினால் மடிப்பே அவிழ்ந்துவிடும். ஒவ்வொரு நொதிக்கும் தனக்கென ஒரு பி.எச் உண்டு. உமிழ்நீர் அமைலேஸுக்கு 7ஐ ஒட்டி. இரைப்பையின் பெப்சினுக்கு 2ஐ ஒட்டி. சிறுகுடலில் வேலை செய்யும் டிரிப்சினுக்கு 8ஐ ஒட்டி. சோற்றோடு விழுங்கிய உமிழ்நீர் அமைலேஸ் இரைப்பையின் அமிலத்தில் ஊறியதும் நின்றுவிடும். வினிகரைச் சொட்டுச் சொட்டாகக் கூட்டி உங்கள் கஞ்சித்தண்ணீரிலேயே இதைப் பார்க்கலாம்.

சுண்ணாம்பின் கதை பனையில் இருக்கிறது, எனக்கு மிகப் பிடித்த பாடமும் அதுதான். திசையன்விளை, உடன்குடிப் பக்கம் பனையேறுகிறவர்கள் பதநீர்க் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிக் கட்டுவார்கள். தடவாமல் விட்டால் இறங்குவது கள். பாளையிலிருந்து சொட்டும் சாற்றின் இனிப்பு பெரும்பாலும் சுக்ரோஸ், அதாவது நாம் கடையில் வாங்கும் சீனி. காற்றிலும் கலயத்திலும் இருக்கும் ஈஸ்ட் அதில் விழுந்ததும் இன்வர்டேஸ் என்ற நொதியை விட்டு சுக்ரோஸைக் குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என இரண்டாக உடைக்கும். அதன்பின் புளிப்பு. சுண்ணாம்புத் தெளிநீரின் பி.எச் 12ஐ ஒட்டியது. அந்தக் காரம் கலந்த சாற்றில் ஈஸ்ட்டும் பெருகாது, நொதியும் ஓடாது.

இதில் கருப்பட்டியின் தலையெழுத்தே அடங்கியிருக்கிறது. சுக்ரோஸ் எளிதில் படிகமாகும். உடைந்த சர்க்கரை கூடினால் படிகமாவது தடைபட்டு, எவ்வளவு காய்ச்சினாலும் பாகு சிரட்டையில் இறுகாமல் பிசுபிசுக்கும். பதநீரை இறக்கிய கையோடு காய்ச்ச ஓடுவதும் இதற்காகத்தான். கொதி வந்துவிட்டால் நொதியின் பயம் தீர்ந்தது. பி.எச் என்ற சொல் தெரியாமல் அந்தக் கைகள் தலைமுறை தலைமுறையாக அதை ஆண்டிருக்கின்றன. பனையேறும் குடும்பத்திலிருந்து வரும் பிள்ளை என் வகுப்பில் இருந்தால் இந்தப் பகுதியை நான் நடத்துவதில்லை. அந்தப் பிள்ளையைத்தான் சொல்லச் சொல்வேன்.

அளவு

டவுனில் சாயங்காலம் அல்வாக் கடை முன்னால் நின்றிருப்பீர்கள். நிறுத்து இலையில் மடிக்க ஒரே ஆள். கூட்டம் இல்லாதபோது ஒருவர் வந்தால் ஒரு பொட்டலம். பத்துப் பேர் வந்தால் வேகம் கூடும். நூறு பேர் வந்தாலும், அவர் கை ஓடுகிற வேகம்தான் எல்லை. தளப்பொருளைக் கூட்டிக்கொண்டே போனால் நொதியின் வேகமும் இப்படித்தான் ஏறி, ஒரு மட்டத்தில் படுத்துவிடுகிறது. 1913இல் மைக்கேலிஸும் மெண்டனும் இதைக் கணக்காக எழுதினார்கள். இன்னோர் ஆளை நிறுத்தினால் எல்லை இரட்டிக்கும். அதாவது நொதியின் அளவு கூட வேண்டும். உமிழ்நீர்க் கரைசலை ஒரு கரண்டி, அரைக் கரண்டி, கால் கரண்டி என்று குறைத்துப் பாருங்கள். குறைத்த இடத்தைத் தண்ணீரால் நிரப்பி மொத்த அளவை ஒன்றாக வையுங்கள். நீலம் போகும் நேரம் ஏறத்தாழ இரட்டித்துக்கொண்டு போகும்.

தடுப்பான்களையும் அதே கடையில் வைத்துப் புரிந்துகொள்ளலாம். வாங்காமல் விலை மட்டும் கேட்டுக்கொண்டு தட்டை மறித்து நிற்கிற ஆள் போட்டித் தடுப்பான். உண்மையாக வாங்க வந்தவர்கள் பெருத்தால் அவர் ஓரம் தள்ளப்படுவார். கொழுப்பைக் குறைக்கக் கொடுக்கும் ஸ்டாட்டின் மாத்திரைகள் ஈரலிலுள்ள ஒரு நொதியின் குழிவை இப்படித்தான் மறிக்கின்றன. தராசையே வளைத்துவிடுகிற ஆள் வேறு ரகம். எத்தனை பேர் வரிசையில் வந்தாலும் பயனில்லை.

குழிவிலேயே ஒட்டிக்கொண்டு இறங்க மறுக்கிறவையும் உண்டு. வயலில் அடிக்கும் ஆர்கனோபாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்துகள் நரம்புகளுக்கிடையே வேலை செய்யும் அசிட்டைல்கோலின் எஸ்டரேஸ் என்ற நொதியை அப்படிப் பிடித்துக்கொள்கின்றன. பூச்சிக்கு மட்டுமல்ல, மருந்து அடிக்கிறவருக்கும் அதே நொதிதான். எச்சில் ஒழுகுவது, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்குவது, மூச்சு முட்டுவது எல்லாம் அந்த நொதி நின்றுபோனதன் அடையாளம். மருந்து பட்ட சட்டையைக் கழற்றி, உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவி, புட்டியையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். வாழைக்கும் நெல்லுக்கும் மருந்து அடிக்கிற அப்பாமார் இருக்கிற ஊரில் இந்தப் பத்தியை மட்டுமாவது வீட்டில் வாசித்துக் காட்டுங்கள்.

பப்பாளி

ஒரு நொதி ஒரு வகைப் பொருளைத்தான் தொடும் என்பதற்குக் காய்ப்பருவத்துப் பப்பாளியைவிட நல்ல சாட்சி இல்லை. அதன் பாலில் உள்ள பப்பெய்ன் புரதத்தை வெட்டும். முற்றிய ஆட்டுக்கறியில் துருவிப் பிசறி வைப்பது அதற்காகத்தான். பச்சைப் பப்பாளிச் சாற்றைக் கடல்பாசி காய்ச்சி ஊற்றும் டம்ளரில் கலந்து வையுங்கள். கடல்பாசி இறுகிவிடும், ஏனென்றால் அது சர்க்கரைச் சங்கிலி. அதே சாற்றை ஜெலட்டின் கரைசலில், கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகு கலந்து குளிரில் வைத்தால் இறுகாது, ஏனென்றால் ஜெலட்டின் புரதம். பப்பாளிப் பழத்தைப் பாலில் அடித்து நேரம் கழித்துக் குடித்தால் கசக்கும். பால் புரதம் வெட்டுப்பட்ட துணுக்குகளின் கசப்பு அது.

கடைசியாக ஒரு சோதனை, இரண்டு நாள் வேலை. முளைமாவை வெதுவெதுப்பான நீரில் கரைத்துத் தெளிந்த நீரை இறுத்து, மூன்றாகப் பிரியுங்கள். ஒன்றைக் கொதிக்கவைத்து ஆற்றி, மற்றொன்றோடு குளிர்பெட்டியில் வையுங்கள். மூன்றாவதை உடனே கஞ்சித்தண்ணீரில் ஊற்றி நீலம் போகும் நேரத்தைக் குறியுங்கள். மறுநாள் குளிரிலிருந்த இரண்டையும் வெளியே எடுத்து, அறைச் சூட்டுக்கு வந்த பிறகு, நேற்றைய அதே அளவில் அதே கஞ்சித்தண்ணீரில் விடுங்கள். குளிரில் கிடந்தது நேற்றைய நேரத்தை ஒட்டியே நீலத்தை அழிக்கும். கொதித்தது மாலைவரை வைத்திருந்தாலும் அழிக்காது. மூன்று நேரங்களையும் குறிப்பேட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, அன்றைய அறைச் சூட்டையும் மேலே போட்டு வையுங்கள்.